இட்லி முகத்துக்கு ஒரு வெட்டு

என் வீட்டுக்காரர் தங்கராஜுவுக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. முகம் நிற்கும். எம்ஆர்டி ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவரை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நான் பக்கத்தில் இல்லாவிட்டால் என்றைக்கோ எவனிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். "என்னங்க, கீழ பாருங்க" என்று தொடையில் கிள்ளுவேன். பார்ப்பார். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் தலை மறுபடியும் நிமிர்ந்துவிடும். இறங்கியதும், பாவம் அந்த ஆளுக்குக் காதோரம் ஒட்டச் சிரைத்து அனுப்பிவிட்டார்கள், முருங்கைக்காய் முகத்துக்கு அப்படிச் செய்யலாமா என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வருவார். சொந்த மகளின் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில்கூட மாப்பிள்ளையின் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனோடு நான் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன்.

எங்கள் முடிவெட்டும் கடை ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ரவூப் பாயின் இரும்புச் சாமான் கடை, மறுபக்கம் சின்ன ஹோட்டல் ஒன்று. நாற்காலி இரண்டு இருந்தாலும் வெட்டுகிறவர் இவர் ஒருவர்தான். கல்லாவில் நான். ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சித் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வருகிற ஊர்ப் பையன்கள் வாசல் வரைக்கும் நிற்பார்கள். மற்ற நாட்களில் ஆபீஸ் ஆட்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், படிக்கிற பிள்ளைகள். யாராக இருந்தாலும் இவருக்கு ஒன்றுதான். உருண்டையாக இருந்தால் இட்லி முகம். நீளமாக இருந்தால் முருங்கைக்காய். தாடை அகலமாகச் சதுரமாக இருந்தால் ரொட்டி. நெற்றி பரந்து மோவாய் கூம்பியிருந்தால் மாங்காய். ரவூப் பாய் பப்பாளி. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னதில், ஒரு வாரம் அவர் எங்களோடு பேசவில்லை.

இட்லிக்குப் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி உச்சியில் உயரம் விட வேண்டும், அப்போதுதான் முகம் கொஞ்சம் நீளும். முருங்கைக்காய்க்கு உச்சியில் குவிக்கவே கூடாது. காதோரம் நிறைய விட்டு நெற்றியில் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். ரொட்டிக்கு ஓரங்களில் மென்மை வேண்டும். மாங்காய்க்கு நெற்றியை மூடிக்கொடுக்க வேண்டும். இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். எனக்குக் கத்தரி பிடிக்கத்தான் தெரியாது.

இந்தப் பித்து அவருக்குப் பிடித்தது ராணுவப் பயிற்சி நடக்கிற தீவில். கல்யாணமான புதிதில் இவர் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். தேசிய சேவைக்குப் போகிற பையன்களுக்கு முதல் நாள் மொட்டை அடிக்கிற வேலை. மெஷினைப் போட்டு இழுத்துவிட்டால் முடிந்தது, குரங்குகூடச் செய்யும் என்று மற்றவர்கள் சொல்வார்களாம். இவருக்கு அங்கேதான் கண் திறந்தது. எல்லாருக்கும் ஒரே மொட்டைதான். ஆனால் ஒருத்தன் ராஜகுமாரன் மாதிரி எழுந்து போவான், அடுத்தவன் உரித்த இறால் மாதிரி எழுந்து போவான். முடி போன பிறகு முகம் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது என்பார். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அந்தப் பையன்களின் காதோடு, முடி வளர்ந்ததும் இப்படி விடு, அப்படி விடு என்று சொல்லி அனுப்புவார். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் பின்னாளில் எங்கள் கடையைத் தேடி வந்தார்கள். சிலர் இப்போது தங்கள் மகன்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கடையில் இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அதனாலேயே சிலர் கோபித்துக்கொண்டு போயும் இருக்கிறார்கள். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிவிட்டுத்தான் வெட்டுவார். முடிந்த பிறகுதான் கண்ணாடி. கண்ணாடியைப் பார்க்கிறவன் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்கிறான், அது அவன் முகமே இல்லை என்பது இவருடைய கட்சி. அதனால் முதலில் பேச்சுக் கொடுப்பார். எங்கே சாப்பிட்டாய், என்ன சாப்பிட்டாய், தேக்கா மார்க்கெட்டில் மீன் என்ன விலை. அந்த ஆள் சிரித்து, அலுத்து, தலையைச் சொறிந்த பிறகுதான் கத்தரியை எடுப்பார். சின்னப் பையன்கள் போனில் யாரோ ஒரு நடிகரின் படத்தைக் காட்டி இப்படியே வேண்டும் என்பார்கள். படத்தை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு, "முடி நல்லாருக்கு தம்பி. அந்த முகத்தையும் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இப்படிப்பட்டவருக்கே ஒரு தடவை அடி சறுக்கியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் காலையில், கடையில் ஆள் இல்லாத நேரம், செங்காங்கிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவன் பெயர் சரத். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்தான். இரண்டையும் கழற்றியபோது முகம் நன்றாக ஊதி, கண்கள் உள்ளே போயிருந்தன. கை கால்கள் மட்டும் ஒல்லி. சிறுநீரகத்தில் கோளாறு வந்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறான். உயிரைக் காப்பாற்றிய மருந்துதான் முகத்தையும் ஊத வைத்தது. மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம், முகம் பழையபடி ஆக ஒரு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவனை இவர் நாற்காலியில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பெண்சாதி நிரஞ்சனா கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னாள். அவர்களுக்கு ரக்ஷனா என்று ஒரே மகள், நான்கு வயது ஆகப் போகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் அவளைப் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தவள்தான். அவன் அறைக்குள் வந்தால் வெளியே போய்விடுகிறாள். அவன் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. இதுதான் அப்பா, மருந்தினால் முகம் இப்படி ஆகிவிட்டது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறாளாம். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறாளாம்.

"அப்பா எப்ப வீட்டுக்கு வருவாங்கன்னு கேக்குறாக்கா. அவர் பக்கத்துலயே உக்காந்திருக்கார். இவர் அப்பா மாதிரியே பேசுற அங்கிளாம்."

சாவின் வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தவனை, எந்தப் பிள்ளைக்காகத் திரும்பி வந்தானோ அந்தப் பிள்ளையே அங்கிள் என்று கூப்பிட்டால் அவன் என்ன செய்வான்? போதாததற்கு அவனுக்குத் தலையில் முடியும் இல்லாமல் போயிற்று. பிழைத்து எழுந்தால் அவனுக்கு முடி இறக்குகிறேன் என்று நிரஞ்சனா வேண்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே மொட்டை போட்டு வேண்டுதலை முடித்துவிட்டார்கள். அதனால் முடி வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். ஓரளவு வளர்ந்ததும், வீட்டுக்குப் பக்கத்து மாலில் ஒரு கடையில், நோய்க்கு முந்திய போட்டோ ஒன்றைக் காட்டி அதே மாதிரி வெட்டச் சொன்னார்கள். அவர்களும் அதே மாதிரி வெட்டித்தான் கொடுத்தார்கள். பிள்ளை இன்னும் மிரண்டுபோனாள்.

இவர் அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். பழைய சரத் நல்ல முருங்கைக்காய் முகம். காதோரம் நிறைய முடி, நெற்றியில் கொஞ்சம் சரிவு. அந்த முகத்துக்கு அது எழுதி வைத்த மாதிரி இருந்தது. இப்போது அதே வெட்டு இட்லிக்கு இரண்டு பக்கமும் சட்னி வைத்த மாதிரி இருந்தது. பழைய மாதிரி தெரிய வேண்டும் என்றால் பழைய வெட்டு உதவாது தம்பி, புது வெட்டுத்தான் உன்னைப் பழைய ஆளாகக் காட்டும் என்று இவர் சொன்னபோது, சரத்தின் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

அன்றைக்கு இவர் வெட்டியதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன், அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வெட்டு வெட்டியதில்லை. பக்கத்திலும் பின்னாலும் ஒட்ட இறக்கி, உச்சியில் உயரம் விட்டு, தாடையில் இருந்த பூனைத் தாடியை மோவாய்ப் பக்கம் கூராக ஒதுக்கி, ஊதிய முகத்துக்குள்ளிருந்து நீள முகத்தை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியதும் சரத் தன்னையே உற்றுப் பார்த்தான். நிரஞ்சனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ரவூப் பாய் எட்டிப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார். அன்று மாலை வரைக்கும் இவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் நிரஞ்சனா எனக்குப் போன் செய்தாள். ரக்ஷனா அவனை மேலும் கீழும் பார்த்தாளாம். சிரிக்கக்கூடச் செய்தாளாம். பிறகு அம்மாவிடம் போய், "இந்த அங்கிள் நல்லாருக்காங்க. அப்பா எப்ப வருவாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

இதை நான் இவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். சீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவர் கழுவிக்கொண்டேதான் இருந்தார். இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை, அதைக்கூடச் சொல்லவில்லை. எம்ஆர்டியில் தலை குனிந்தே வந்தார். கிள்ளுகிற வேலை இல்லாமல் எனக்குக் கை வெறுமையாக இருந்தது. ஆண்டவன் ஊத வைத்த முகத்துக்கு நீங்கள் என்ன செய்வீர்கள், உங்களால் ஆனதைச் செய்துவிட்டீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் பெரியவங்க கண்ணுக்கு வெட்டிட்டேன், கமலா" என்றார்.

போன் என்றாலே ஓடுகிற மனுஷன், இரண்டு நாள் கழித்துத் தானே நிரஞ்சனாவைக் கூப்பிட்டார். போட்டோ வேண்டும் என்றார். சரத் நேராக நின்று சிரிக்கிற போட்டோ வேண்டாம். பிள்ளையும் அவனும் சேர்ந்து இருக்கிற போட்டோ, அதிலும் பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்த போட்டோ. அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து ஓடி வந்தாள். கல்லா மேசையில் போனை வைத்து மூன்று பேரும் பார்த்தோம். பார்க்கில் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். சோபாவில் அவன் நெஞ்சின் மேல் படுத்துத் தூங்குகிறாள். பஸ்ஸில் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் முகத்தைப் பார்த்தேன். இவர் பிள்ளையின் கையைப் பார்த்தார்.

ஒவ்வொரு படத்திலும் அந்தக் கை அவனுடைய கழுத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு படம் பின்னாலிருந்து எடுத்தது. அதில் சரத்தின் பிடரியில் முடி கொஞ்சம் நீளமாக, நுனியில் சுருண்டு கிடந்தது. பிள்ளை ஒரு சுருளை விரலில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்க வேண்டுமென்றால் அவளுக்கு அது வேண்டும், கைக்குழந்தையிலிருந்து அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே வந்த நிரஞ்சனா பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அதைத்தான் நான் மொட்டை போட்டு சாமிக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

அவள் அழ ஆரம்பித்ததும் எனக்கு இவர் மேல்தான் கோபம் வந்தது, இவர் அந்தப் போட்டோவைக் கேட்டிருக்க வேண்டாமே என்று. ஆனால் இவர் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சாமிக்குக் குடுத்தது திரும்ப முளைச்சதும்மா. முளைச்சதை வெட்டி எறிஞ்சது நான்" என்றார். தன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அடுத்தவர் பாரத்தை இறக்கிவைக்கிற மனசு இருக்கிறதே, அது எல்லாருக்கும் வராது.

அதற்குப் பிறகு பிடரியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. சரத் அவ்வப்போது வருவான். உச்சியையும் பக்கத்தையும் மட்டும் ஒழுங்கு செய்து அனுப்புவார். பின்னால் முடி வால் மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. இட்லி முகத்துக்குப் பின்கழுத்தில் முடி விட்டால் கழுத்தே காணாமல் போய்விடும் என்று பிரசங்கம் செய்கிறவர் இவர். ஒவ்வொரு தலையும் என் கடை போர்டு, அது ரோட்டில் நடக்கும் என்பார். அப்படிப்பட்டவர் அந்தக் கண்ராவியான தலையைத் தெரிந்தே ரோட்டில் நடக்க விட்டார். தங்கராஜுவுக்குக் கண் அவிந்துவிட்டதா என்று ரவூப் பாய் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். உமக்குத் தெரிந்தது ஆணியும் திருகும், பேசாமல் போம் என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். இதுவும் பலிக்காவிட்டால் அந்தப் பிள்ளை சரத் உடைந்துபோவான். அவன் இப்போதெல்லாம் வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டுவிட்டான், குரலைக் கேட்டு அவள் அப்பாவைத் தேடுகிறாள் என்று.

முடி சுருள ஆரம்பித்த பிறகு, கடைக்கு விடுமுறை நாளில் வரச் சொன்னார். சரத் மட்டும் முதலில் வந்தான். இவர் செய்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வெட்டுவதற்கு முன்பே நாற்காலியைக் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். பிறகு கண்ணாடியின் மேல் பெரிய துண்டைத் தொங்கவிட்டு மூடினார். சரத்தின் சட்டை தெரியாமல் வெட்டுத்துணியைக் கழுத்திலிருந்து கால் வரைக்கும் போர்த்தினார். என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே, திரும்பாதே என்றார்.

கொஞ்ச நேரத்தில் நிரஞ்சனா மகளோடு வந்தாள். சின்ன உருவம், இரட்டைப் பின்னல், கையில் மைலோ பாக்கெட். நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் உட்கார வைத்தோம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு தாத்தா கடையில் யாரோ ஒருவர் முடி வெட்டிக்கொள்கிறார். முகம் தெரியவில்லை. பின்தலை மட்டும்தான்.

இவர் அவசரமே படவில்லை. பக்கத்தை ஒட்ட வெட்டினார். உச்சியை ஒழுங்கு செய்தார். பிடரிக்கு வந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விரலைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு சுருளாக எழுப்பிவிட்டார். ஈரம் பட்டதும் அவை நன்றாகச் சுருண்டு காதுக்குப் பின்னால் நின்றன. பிறகு காலால் நெம்புகோலை அழுத்தி நாற்காலியை இறக்கினார், இறக்கினார், தரைக்குப் பக்கத்தில் போகிற வரைக்கும். இறக்கிவிட்டு ஓரமாகப் போய் நின்று சீப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

பிள்ளை மைலோவை உறிஞ்சிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரஞ்சனா அவள் முதுகில் கை வைக்கப் போனாள். இவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். மைலோ தீர்ந்து குழலில் வெறுங்காற்று வந்தது. நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

அவள் பெஞ்சிலிருந்து வழுக்கி இறங்கினாள். ஓரிரண்டு அடி வைத்து நின்றாள். மறுபடியும் நடந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றபோது பிடரி அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. ஒரு விரலை நீட்டி ஒரு சுருளைத் தொட்டாள். பிறகு அதை விரலில் சுற்றினாள். மற்றக் கையின் கட்டைவிரல் தானாக வாய்க்குள் போனது.

துணிக்குள் சரத்தின் தோள் குலுங்கியது. அவன் திரும்பவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது, எதற்கு மறைக்க வேண்டும், ஓவென்று அழாதது ஒன்றுதான் குறை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. பிறகு சுருளை விடாமலே, இழுத்துப் பிடித்துக்கொண்டே, நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்தாள். சரத்துக்கு வலித்திருக்கும். ஊதிய முகத்தை நன்றாகப் பார்த்தாள். வாயிலிருந்து கட்டைவிரலை எடுத்து அந்தக் கன்னத்தில் அழுத்திப் பார்த்தாள்.

"அப்பா, உங்க கன்னம் ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?"

அவன் இவர் பக்கம் பார்த்தான், பேசலாமா என்று கேட்கிறவன் மாதிரி. இவர் தலையை ஆட்டினார்.

"மருந்துடா" என்றான்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"அப்போ வீட்டுக்கு வாங்கப்பா" என்றாள்.

அவன் அப்படியே எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். கண்ணாடியை மூடிய துண்டை யாரும் எடுக்கவில்லை, அவன் கண்ணாடி பார்க்கவும் இல்லை. முடி ஒட்டிய துணியோடேயே ரோட்டில் இறங்கி டாக்ஸி பிடிக்கப் போனார்கள். அவள் விரல் பிடரியிலேயே இருந்தது. ரவூப் பாய் பின்னாலேயே போய், துணி, துணி என்று கத்தினார். வாயை மூடும் என்று நான்தான் அவரை அடக்கினேன். அந்தத் துணி இன்னமும் செங்காங்கில்தான் இருக்கிறது.